காலைக் குளிரில் மட்டும் உதறும் ஆட்டோமேட்டிக்: கியர்பாக்ஸை இறக்கும் முன்

#1 · கோவைக்காரர் · 6 ஜனவரி, இரவு 9:50

பார்த்து வைத்திருக்கும் செகண்ட் ஹேண்ட் வண்டி: 2015 மாடல், பெட்ரோல், 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆட்டோமேட்டிக், 74,000 கி.மீ. காலையில் முதல் முறை டி-யில் (முன்னோக்கி ஓடும் நிலை) போட்டதும் இரண்டு நொடி ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் உதறிக்கொண்டு நகர்கிறது. 45–60 வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது தடதடவென்று நடுக்கம். பத்து நிமிடம் ஓடினால் இரண்டும் மறைந்துவிடும். மெக்கானிக் "கன்வெர்ட்டர் போச்சு, பாக்ஸை இறக்கணும்" என்கிறார். கன்வெர்ட்டர்தானா என்று இறக்காமலே உறுதி செய்ய வழி உண்டா?

#2 · பட்டறைவாசி · 6 ஜனவரி, இரவு 10:35

டி-யில் வரும் தாமதம் ஒரு கோளாறு, 50 வேகத்து நடுக்கம் இன்னொரு கோளாறு. இரண்டும் காலையில் வருகின்றன என்பதற்காக ஒரே காரணத்தைத் தேட வேண்டாம்.

கன்வெர்ட்டர் சடர் (நடுக்கம்) என்று சொல்வது, அதற்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) பிடித்தும் பிடிக்காமலும் வழுக்குவதை. சமமான வேகம், லேசான மிதி, சின்ன ஏற்றம் மூன்றும் சேரும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட தடிமனான வெள்ளைக் கோடுகள் மேல் ஏறி இறங்குவது போல ஒன்றிரண்டு நொடி தடதடக்கும். அழுத்தி மிதித்தால் கம்ப்யூட்டர் லாக்-அப்பை விட்டுவிடும், நடுக்கமும் நிற்கும். வண்டி நின்ற இடத்திலிருந்து நகரும்போது லாக்-அப்புக்கு வேலையே இல்லை. ஆகவே கிளம்பும்போது வரும் உதறலை அதன் தலையில் கட்ட முடியாது.

பல பாக்ஸ்களில் ஆயில் ஓரளவு சூடேறும்வரை லாக்-அப் போட விடமாட்டார்கள். தேய்ந்த லாக்-அப் ஆயில் சூடான பிறகும் நடுங்கும், பல சமயம் சூட்டில்தான் கூடும். "பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது" என்பது கன்வெர்ட்டர் போச்சு என்பதற்குச் சாட்சி இல்லை, அது நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

எளிய சோதனை ஒன்று. ஆளில்லாத நேரான சாலையில் நடுக்கம் வரும் வேகத்தில் போங்கள். வலது காலை அசைக்காமல், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பிரேக்கைத் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் சிக்னல் வந்ததும் லாக்-அப் விடுபடும், டாக்கோமீட்டர் முள் 200–300 ஆர்பிஎம் மேலே போகும். அந்த நொடியில் நடுக்கம் நின்றால் விஷயம் லாக்-அப் பக்கம்.

#3 · ஓபிடி பிரியன் · 7 ஜனவரி, காலை 7:15

மேலே சொன்ன பிரேக் சோதனையை அரைச் சாட்சியாகத்தான் எடுக்க வேண்டும். லாக்-அப் போட்டிருக்கும்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆயில் மெத்தை கிடையாது. இன்ஜினில் ஒரு சிலிண்டர் லேசாக மிஸ்ஸிங் அடித்தாலும் அது நேராக சீட் வரை வரும். லாக்-அப் விட்டதும் ஆயில் அதை விழுங்கிவிடும். அதாவது, மிஸ்ஸிங் நடுக்கமும் பிரேக்கைத் தொட்டதும் அடங்கும். நல்ல கன்வெர்ட்டரைக் கழற்றி மாற்றியபின் அதே நடுக்கம் அப்படியே இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

பிரித்துக் காட்டும் எண் ஒன்றுதான்: ஸ்லிப் வேகம். இன்ஜின் ஆர்பிஎம்மிலிருந்து டர்பைன் (கன்வெர்ட்டரில் கியர்பாக்ஸ் பக்கம் சுற்றும் சக்கரம்) ஆர்பிஎம்மைக் கழித்தால் வருவது. (ஸ்கேனரில் டர்பைன் ஸ்பீடு அல்லது இன்புட் ஸ்பீடு என்று இருக்கும். வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகும் சாதா இஎல்எம்327 அடாப்டரும் இலவச ஆப்பும் இன்ஜின் எண்களை மட்டுமே தரும். டிரான்ஸ்மிஷன் எண்களுக்கு அந்த கம்பெனிக்கான கூடுதல் பட்டியல் உள்ள ஆப் அல்லது பட்டறை ஸ்கேனர் வேண்டும்.)

நடுங்கும் நேரத்தில் ஸ்லிப் 0-ஐ ஒட்டியே அசையாமல் நின்றால் கிளட்ச் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, நடுக்கம் இன்ஜினிலிருந்து வருகிறது. ஸ்லிப் 20, 80, 30, 100 என்று தாவினால் வழுக்குவது கிளட்ச். புதிய பாக்ஸ்களில் வேண்டுமென்றே 20–50 ஆர்பிஎம் வழுக்கவிடும் ஏற்பாடு உண்டு. அங்கே எண் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்காமல் நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயில் சூடேறும்வரை லாக்-அப் வராது என்பதையும் அப்படியே நம்பி உட்கார முடியாது. கோவையில் ஜனவரி விடியலில்கூட ஆயில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஐரோப்பியக் குளிர்காலத்துக் கணக்கு இங்கே செல்லாது. ஓட்டத் தொடங்கிய இரண்டு மூன்று நிமிடத்திலேயே அனுமதி கிடைத்துவிடும் பாக்ஸ்கள் இருக்கின்றன. எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஓட்டுபவர் ஸ்கேனரைப் பார்க்கக் கூடாது. பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும், அல்லது ரெகார்ட் போட்டுவிட்டு வீட்டில் வந்து பாருங்கள்.

#4 · பட்டறைவாசி · 7 ஜனவரி, காலை 8:02

ஸ்லிப் எண் பற்றிச் சொன்னது சரி. பிரேக் சோதனை நடுக்கம் எந்த வழியாக வருகிறது என்று சொல்லும், எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்லாது.

டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்தாலும் 30–60 வேகத்தில் ஆக்சிலரேஷனில் உதறும். ஆனால் அதற்குக் காலை மாலை வித்தியாசம் தெரியாது. அழுத்தி மிதிக்க மிதிக்கக் கூடும். உங்கள் வண்டியில் அது இல்லை.

#5 · ஓபிடி பிரியன் · 7 ஜனவரி, இரவு 9:20

வண்டி பார்க்கப் போகும் எல்லோருக்கும்: குளிர்ந்த நிலைக் கோளாறை மறைப்பது சுலபம். நீங்கள் வருவதற்கு அரை மணி முன் ஒரு ரவுண்டு அடித்துவிட்டால் போதும். பானட்டைத் தொட்டுப் பார்ப்பது போதாது, ஒரு மணி நேரத்தில் அது ஆறிவிடும்.

ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் 4–5 டிகிரிக்குள் ஒட்டி இருக்கும். கூலன்ட் 48, காற்று 27 என்று காட்டினால் காலையில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கையோடு "கோடு (பிழைக் குறியீடு) அழித்தபின் ஓடிய தூரம்" என்ற எண்ணையும் பாருங்கள். 74,000 ஓடிய வண்டியில் அது 12 கி.மீ. என்றால் யாரோ நேற்று எதையோ அழித்திருக்கிறார்கள். கற்ற மதிப்புகளை, அதாவது அடாப்டேஷனை, ரீசெட் செய்துவிட்டாலும் ஷிஃப்ட் கோளாறு கொஞ்ச தூரத்துக்கு வேறு மாதிரித் தெரியும், பிறகு பழையபடி திரும்பிவிடும்.

#6 · கோவைக்காரர் · 10 ஜனவரி, மதியம் 1:40

பட்டறை ஸ்கேனரோடு பார்த்தாயிற்று. ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் 23, காற்று 22. ஸ்டார்ட் ஆனதும் ஐடில் 1,400. டி-யில் தாமதம் 2 நொடிக்குக் கொஞ்சம் மேல், ஆர்-இல் அதைவிடக் குறைவு. நான்காவது கியரில் 50 வேகத்தில் நடுக்கம். பிரேக்கைத் தொட்டால் நின்றது. ஆனால் ஸ்லிப் 4 முதல் 9-க்குள்ளேயே இருந்தது. கோடு எதுவும் இல்லை. ஸ்கேனரின் மோட் 6 பக்கத்தில் (வண்டி தானே செய்யும் சோதனைகளின் முடிவு) 2-ஆம் சிலிண்டருக்கு மட்டும் மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) எண்ணிக்கை ஏறுகிறது, மற்ற மூன்றும் பூஜ்யம்.

#7 · ஓபிடி பிரியன் · 10 ஜனவரி, மதியம் 2:05

50 வேக நடுக்கத்துக்குக் கன்வெர்ட்டர் பொறுப்பில்லை. லாக்-அப் பிடித்திருக்கிறது, 2-ஆம் சிலிண்டர் திக்குகிறது.

கோடு வராததில் ஆச்சரியம் இல்லை. மிஸ்ஃபயர் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால்தான் பி0302 என்ற 2-ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர் கோடு பதிவாகும். அதற்குக் கீழே இருப்பது மோட் 6-இல் மட்டும் தெரியும், அதுவும் எல்லா வண்டியிலும் கிடைக்காது.

பொருள் எதையும் வாங்காமல் அடுத்த சோதனை: இன்ஜின் ஆறியிருக்கும்போது 2-ஆம் சிலிண்டர் இக்னிஷன் காயிலை 4-இல் போடுங்கள், 4-இல் இருப்பதை 2-இல். பிளக்குகளைத் தொட வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான். மறுநாள் காலை எண்ணிக்கை 4-க்குப் போனால் காயில். 2-லேயே நின்றால் பிளக்கைக் கழற்றி இடைவெளியையும் பீங்கானில் கருப்புக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 74,000-க்குப் பழைய நிக்கல் பிளக் என்றால் இடைவெளி விரிந்திருக்கும். அதுவும் சரி என்றால் இன்ஜெக்டர்.

சூடானதும் ஏன் மறைகிறது? குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுக்க ஆவியாகாது, கலவை ஒரே சீராக இருக்காது. அந்த நேரத்தில் வலுவான பொறி வேண்டும். சுமாரான காயிலும் விரிந்த பிளக்கும் அங்கேதான் தடுமாறும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் இன்டேக் வால்வு மேல் கரி படிந்தாலும் இதே காலை மிஸ்ஸிங் வரும். அங்கே பெட்ரோல் வால்வைக் கழுவுவதில்லை. உங்கள் இன்ஜின் எம்பிஐ (வால்வுக்கு முன்பே பெட்ரோல் தெளிக்கும் வகை) என்றால் அந்தக் கவலை குறைவு.

#8 · பட்டறைவாசி · 10 ஜனவரி, இரவு 10:10

இப்போது டி-யில் வரும் தாமதத்துக்கு வருவோம். முதலில் ஒரு கேள்வி: இந்த வண்டிக்கு கியர் ஆயில் எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா? பில் இருந்தால் கிரேடும் லிட்டரும் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், குளிரில் மட்டும் தாமதம், கிளம்பும்போது உதறல், சூடானால் சரி என்பதற்கு முதல் சந்தேகம் ஆயில் குறைவு. ஆயில் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். 7 லிட்டர் பிடிக்கும் பாக்ஸில் 50 டிகிரி வித்தியாசத்துக்குக் கால் லிட்டர் அளவு ஏறி இறங்கும். ஏற்கெனவே அரை லிட்டர் குறைவாக இருக்கும் வண்டி சூட்டில் சமாளித்துவிடும். காலையில் மட்டம் இன்னும் இறங்கி, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். காற்று கலந்த ஆயிலில் பிரஷர் ஏறாது, கியரைப் பிடிக்கும் கிளட்ச் பேக் மெதுவாகவும் விட்டுவிட்டும் பிடிக்கும். ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை எடுக்கும்போது இது இன்னும் அதிகம்.

பெரும்பாலான 6 கியர் பாக்ஸ்களில் டிப் ஸ்டிக் கிடையாது. மட்டம் பார்க்கும் முறை இது. வண்டி நாலு பக்கமும் சமமாக லிஃப்டில் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுப் பார்த்தால் அந்த அளவு பொய். இன்ஜின் ஐடிலில் ஓட, பிரேக்கை மிதித்து பி, ஆர், என், டி ஒவ்வொன்றிலும் மூன்று நொடி வைத்துத் திரும்ப பி-க்கு வாருங்கள். ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பாருங்கள். கம்பெனி சொன்ன சூட்டுக்கு வந்ததும் ஓவர்ஃப்ளோ பிளக்கை (அதிகப்படி ஆயில் வழியும் துளையின் மூடி) திறங்கள். ஐசின் 09ஜி பாக்ஸில் (வென்டோ 1.6 ஆட்டோமேட்டிக்கில் வந்தது) அது 35 முதல் 45 டிகிரி, ஹூண்டாய் 6 கியரில் 50 முதல் 60. மெல்லிய கோடாக ஒழுகிச் சொட்டாக மாறும் நேரத்தில் மூடினால் மட்டம் சரி. ஒரு சொட்டும் வராவிட்டால் குறைவு.

இந்தச் சூட்டைப் பார்க்காமல், நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியை அப்படியே லிஃப்டில் ஏற்றி 90 டிகிரியில் பிளக்கைத் திறந்தால், விரிந்த ஆயில் தேவைக்கு மேல் வெளியே ஓடிவிடும். சாயங்காலம் வண்டி நன்றாக இருக்கும், மறுநாள் காலையில் உதறும். "ஆயில் மாற்றிய பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது" என்ற புகார்களில் பாதியை இங்கேயே தேடலாம். அதே மாதிரி 25 டிகிரியில் பார்த்து மூடினால் ஆயில் அதிகமாகி, சூட்டில் நுரை கட்டும்.

#9 · கோவைக்காரர் · 11 ஜனவரி, காலை 11:30

பில் கிடைத்தது. 61,000-இல் "பான், ஃபில்டர் கழற்றி ஏடிஎஃப் 3 லிட்டர்" என்று மட்டும் இருக்கிறது (பான் என்பது அடியில் இருக்கும் ஆயில் தட்டு, ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்). கிரேடு எழுதவில்லை.

#10 · பட்டறைவாசி · 11 ஜனவரி, மதியம் 12:15

டிரெயின் பிளக்கைத் திறந்தால் மட்டும் 3 லிட்டர் வரும். ஆயில் பானையும் ஃபில்டரையும் கழற்றினால் அதைவிடக் கணிசமாக அதிகம் வரும். வெளியே வந்ததை அளக்காமல் 3 ஊற்றியிருந்தால் குறை அங்கேயே ஆரம்பம்.

கிரேடு தெரியாதது இரண்டாவது தலைவலி. கடையில் "ஆட்டோமேட்டிக் ஆயில்" என்று கேட்டால் கொடுக்கும் டெக்ஸ்ரான்-3 வகை 100 டிகிரியில் சுமார் 7 சென்டிஸ்டோக்ஸ் கெட்டி. 6 கியர் பாக்ஸ்கள் கேட்கும் எஸ்பி-4, டபிள்யூஎஸ் போன்ற கிரேடுகள் சுமார் 5.5. சூட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 20–25 டிகிரியில் நன்றாகத் தெரியும்: சோலனாய்டு வால்வுகள் வழியாகக் கெட்டி ஆயில் மெதுவாகப் போகும், பிடிப்பு தாமதமாகி அடித்துப் பிடிக்கும்.

கெட்டித்தன்மை பாதிக் கதைதான். கிளட்ச் வழுக்கும்போது ஒரு உராய்வு, ஒட்டும்போது ஒரு உராய்வு இருக்கும். ஒட்டும் நேரத்து உராய்வு கூடிப்போனால் கிளட்ச் ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு நடுங்கும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வது ஆயிலில் இருக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். தப்பான ஆயிலில் அதன் அளவு வேறு, பழைய ஆயிலில் அது சூட்டில் அழிந்திருக்கும்.

அதனால் இப்போது கொஞ்சம் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்து பார்த்துவிட்டு, குணம் தெரிந்தால் மொத்த ஆயிலையும் மாற்றுங்கள். மொத்தம் 7 லிட்டர், ஒரு டிரெயினில் 3 என்று வைத்தால் முதல் முறைக்குப் பின் பழையது 57 சதவீதம், இரண்டாவதில் 33, மூன்றாவதில் 19. ஒவ்வொன்றுக்கும் நடுவே எல்லா கியரும் விழும்படி கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். ஒரே டிரெயினில் நடுக்கம் போகவில்லை என்று கன்வெர்ட்டருக்குத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஆயில் பானைக் கழற்றினால் அதற்குள் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு சகஜம். விரலில் எடுத்தால் மினுமினுக்கும் சரிகைத் துகளோ, நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லோ இருந்தால் ஆயில் செலவோடு நிறுத்துங்கள், வண்டி வேண்டாம்.

#11 · ஓபிடி பிரியன் · 12 ஜனவரி, காலை 6:50

ஆயில் உராய்வு பற்றிப் பேசியதால்: லாக்-அப் கிளட்ச்சின் லைனிங் காகித நாரால் ஆனது, ஈரம் அதற்கு எதிரி. ஜெனரல் மோட்டார்ஸின் 8எல்45, 8எல்90 என்ற 8 கியர் பாக்ஸ்களில் (அமெரிக்காவில் 2015 முதல் 2019 வரையிலான மாடல்கள்) இந்த சடர் பெரிய விவகாரமானது. முதலில் ஊற்றிய ஆயில் ஈரத்தை உறிஞ்சியது. கடைசியில் மொபில் 1 எல்வி ஏடிஎஃப் எச்பி என்ற ஆயிலை ஊற்றிப் பழையதை முழுக்க வெளியேற்றச் சொன்னார்கள். பல வண்டிகளில் எந்த உதிரிப் பாகமும் மாற்றாமல் சரியானது.

நம் ஊரில் ஈரம் வரும் வழி வேறு. ஏடிஎஃப் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் உள்சுவர் அரித்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். ஆயில் இளஞ்சிவப்புப் பாலாக மாறும் நிலைக்கு வந்தபின் பேச்சே இல்லை. லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையே இளகிவிடும். அதற்கு முன்பே சடர் ஆரம்பித்துவிடும். கூலன்ட் டப்பாவில் மட்டம் காரணமில்லாமல் இறங்குகிறதா, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

#12 · கோவைக்காரர் · 12 ஜனவரி, இரவு 8:45

வீட்டில் இருக்கும் இன்னொரு வண்டி ஏஎம்டி. மழைநாள் காலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது உதறுகிறது. இதே சோதனைகள்தானா?

#13 · பட்டறைவாசி · 12 ஜனவரி, இரவு 9:30

இல்லை. ஏஎம்டி-யில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. மேனுவல் வண்டியில் இருக்கும் அதே ஒற்றை உலர் கிளட்ச், அதை மிதிக்க நம் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர். 2014-இல் செலேரியோவில் வந்ததிலிருந்து இந்த அமைப்பு பரவலாகிவிட்டது. ஈரமான ராத்திரி கழிந்தால் ஃப்ளைவீல் முகத்தில் மெல்லிய துரு பூத்திருக்கும், கிளட்ச் தட்டும் ஈரம் வாங்கியிருக்கும். முதல் சில தடவை பிடிப்பதில் உதறி, துரு தேய்ந்ததும் போய்விடும். அது கோளாறு இல்லை. வெயில் நாளிலும், சூடான பிறகும் உதறினால்தான் கிளட்ச் தேய்மானம், ஆக்சுவேட்டர் ஆயில் மட்டம், இன்ஜின் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) என்று போக வேண்டும். கிளட்ச் பிடிக்கும் புள்ளியை ஸ்கேனரில் மறுபடி கற்கவைப்பதும் உதவும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த 7 கியர் உலர் டிஎஸ்ஜி-யில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்கள் கே1, இரட்டைப்படையும் ரிவர்ஸும் கே2. முதல் கியரில் மட்டும் உதறினால் கே1, இரண்டாவது கியரிலும் ரிவர்ஸிலும் உதறினால் கே2 என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊகிக்கலாம். அங்கே டிராஃபிக்கில் சூடேறியபின் கூடும் உதறல்தான் கவலைக்குரியது.

சிவிடி (கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக்) என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: சடர் போக்கும் டியூப் என்று விற்கும் மாடிஃபையரை ஊற்றாதீர்கள். அங்கே இரும்பு பெல்ட்டும் புல்லியும் உராய்வை நம்பித்தான் ஓடுகின்றன. ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2 ஆயில் கேட்டால் எச்சிஎஃப்-2 மட்டும்.

#14 · கோவைக்காரர் · 18 ஜனவரி, மாலை 6:20

காயிலை மாற்றிப் போட்டதும் எண்ணிக்கை 4-க்குப் போனது. புதுக் காயில், நாலு பிளக். 50 வேக நடுக்கம் சுத்தமாக இல்லை. ஓவர்ஃப்ளோவில் ஒரு சொட்டும் வரவில்லை. 55 டிகிரியில் மட்டம் வர 600 மில்லி பிடித்தது. டி-யில் தாமதம் இப்போது ஒரு நொடிக்குள். ஆனால் ஸ்டார்ட் ஆனவுடன் டி-யில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு அதிர்வு மட்டும் மிச்சம். என்-இல் போட்டால் இல்லை.

#15 · பட்டறைவாசி · 18 ஜனவரி, இரவு 9:05

அது மவுண்ட். குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், ஐடிலும் உயர்ந்திருக்கும், டி-யில் இன்ஜின் முறுக்கிக்கொண்டு நிற்கும். பானட்டைத் திறந்து ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும், வண்டிக்கு முன்னால் யாரும் கூடாது. இன்னொருவர் ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழுக்க மிதித்தபடி டி, ஆர், டி என்று மாற்றட்டும். இன்ஜின் ஒரு விரல் அகலத்துக்கு மேல் எழும்பி விழுந்தால் மவுண்ட் தளர்ந்திருக்கிறது. ஆயில் நிரப்பிய வகை மவுண்ட் என்றால் அடியில் கருப்பாக ஒழுகிய தடமும் இருக்கும்.

விலை பேசும்போது காயில், பிளக், மவுண்ட், மூன்று டிரெயினுக்கான ஆயில் என்று கணக்குப் போடுங்கள், பாக்ஸ் இறக்கும் செலவு இதில் சேராது. மொத்த ஆயிலும் மாறியபின் ஒரு காலையில் ஸ்லிப்பை மறுபடி ரெகார்ட் செய்யுங்கள். 600 மில்லி குறைவோடு ஓடியதில் கிளட்ச் பேக் கருகியிருந்தால், இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நான்கு மாறும்போது இன்ஜின் ஆர்பிஎம் சட்டென்று எகிறி இறங்கும். முன்பணத்தை அதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

பில்லில் நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: ஆயில் கிரேடு, வெளியே வந்த லிட்டர், உள்ளே போன லிட்டர், மட்டம் பார்த்தபோது ஆயிலின் சூடு.